இருபது பிடி

நவம்பர் வந்தால் ஷுவைக் சந்துகளில்
வீடுகள் சக்கரத்தோடு வரிசைகட்டி நிற்கும்.
கஷ்தாவுக்குப் போகிறவர்கள் அவசரக்காரர்கள்.
பாலைவனம் எங்கே ஓடிவிடப்போகிறது
என்பார் வர்கீஸ், மலையாளத்தில், யார் காதிலும் விழாமல்.

அபு மிஷாரியின் கேரவனுக்கு நான்கு சக்கரம்,
உள்ளே ஆறு பேருக்குக் கட்டில்,
மைக்ரோவேவ், மான் படம் போட்ட திரை.
முத்லா இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோது
பின்னாலிருந்து தள்ளியதாம்,
வலப்பக்கம் இழுத்ததாம்.
காரில் பிள்ளைகள் இருந்தார்களாம்.
"ரம்ல்" என்றார் அவரே.
மணலாகத்தான் இருக்கும் என்று நானும் தலையாட்டினேன்.

ஜாக்கியில் ஏற்றினோம், நானும் தேக் பகதூரும்.
டிரம்மைக் கழற்றியதும் ஊதக் கூடாது.
அந்தத் தூசி நெஞ்சுக்குள் குடிவந்துவிடும், வாடகை தராது.
திரவம் அடித்து நனைத்து வழித்தெடுத்தோம்.
ஐந்து மாத வெயிலும் கடல் ஈரமும்
காந்தத்தின் முகத்தில் துருவாக உட்கார்ந்திருந்தன.
வயரில் மூன்று ஆம்பியர் வருகிறது, நல்லது.
வலது இரண்டும் தேய்ந்திருந்தன, நேர்மையாக.

இடது முன்சக்கரம்.
குட்டை லைனர் உள்ள ஷூ முன்னால் நிற்க வேண்டும்,
நீளமானது பின்னால்.
இங்கே மாறி நின்றது.
இடது பின்சக்கரத்திலும் மாறி.
எந்தக் கழுதை பூட்டியது என்று வாயெடுத்தேன்.
நட்டின் தலையில் பச்சைப் பெயின்ட்.
முறுக்கிச் சரிபார்த்தபின் வைக்கிற சின்னக் கீற்று.
இந்தச் சந்தில் பச்சை வைப்பவன் நான் ஒருவன்தான்.

தேக் பார்த்தான்.
பார்க்காத மாதிரி ஸ்பிரிங்கைத் துடைத்தான்.
வர்கீஸிடம் சொன்னேன்.
"மணல்னு அவரே சொல்லியாச்சு, உனக்கென்ன?" என்று
ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார்.

புது ஷூ எட்டு.
குட்டை முன்னால், நீளம் பின்னால்.
இரண்டு தரம் பார்த்தேன், தேக்கையும் பார்க்கச் சொன்னேன்.
பிறகு பின்தட்டின் துளைக்குள் கம்பி விட்டு
நட்சத்திரப் பல்லைத் திருப்பினேன்,
சக்கரம் கைக்கு அசையாமல் இறுகும்வரை.
இனிப் பின்னால் வர வேண்டும், பத்துப் பல்.
நெல் அளக்கிறவர்கள் ஒன்றை ஒன்று என்பதில்லை,
லாபம் என்றுதான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான்.
லாபம், ரெண்டு, மூணு…
தேக் நேபாளியில் எண்ணினான்.
எட்டில் மட்டும் இரண்டு மொழியும் லேசாக உரசிக்கொண்டன.
பத்தில் நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றினால்
உள்ளே எங்கோ, பட்டும் படாமலும், ஒரு ஸ்ஸ்.
அதற்குமேல் இறுக்கினால் தீயும்.
விட்டால் தள்ளும்.

புது லைனரை அப்படியே அனுப்பிவிடக் கூடாது.
இருபது தரம் பிடித்துப் பிடித்துப் பழக்க வேண்டும்.
எனக்கு லைசென்ஸ் இல்லை. அபு மிஷாரி ஓட்டினார்.
பக்கத்தில் நான், பிரேக் பெட்டியின் லீவரில் கட்டைவிரல்.
அறுபதில் தள்ளு, முப்பதுக்கு வா, விடு, ஆறட்டும்.
லாபம்.
ரெண்டு.
கேரவன் நேராக நின்றது,
பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்த மாதிரி.
ஏழாவதில் கேட்டார், "ரம்ல்?"
எட்டு. ஒன்பது. பத்து.
பதினொரு வருஷத்து அரபியில் என்னிடம்
நட்டு இருக்கிறது, நாளை இருக்கிறது,
சம்பளம் இருக்கிறது, முடிந்தது முதலாளி இருக்கிறது.
தவறு என்பதற்கு ஒரு சொல் இல்லை.
பதினொன்றில் சூடேறிய லைனர் வாசம் மூக்கில் ஏறியது.
"ரம்ல் மாஃபி" என்றேன்.
நெஞ்சில் கைவைத்து, "அனா."

அவர் சாலையைப் பார்த்தார்.
கண்ணாடியில் கேரவனைப் பார்த்தார்.
பின்சீட்டில் ஒரு பிஸ்கட் உறை
ஏசி காற்றில் புரண்டுகொண்டிருந்தது.
ஒன்றும் சொல்லாமல் வேகமெடுத்தார். நாற்பது. அறுபது.
என் கட்டைவிரல் அங்கேயே இருந்தது. தள்ளினேன்.
"இத்னாஷ்" என்றார். பன்னிரண்டு.
மிச்சத்தை அவர்தான் எண்ணினார்.